கடைசிப் பதிவு பாதியில் நின்ற கதை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். அப்பா படித்துப் பதிவு பண்ணிவைத்த புத்தகங்களைக் கேட்க எந்த ஆப்பை வைத்துக்கொள்வது, உனக்கும் எனக்கும் தனித்தனிக் கணக்குப் போட்டுவிடட்டுமா என்பது ஒன்று. இன்னொன்றை, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவன் மாதிரி கடைசியில் கேட்டாய். கடைசிப் பதிவு பாதி வாக்கியத்தில் நிற்கிறது, அது நின்ற நேரமும் நீ அன்றைக்கு அப்பாவுக்குப் போன் பண்ணின நேரமும் ஒன்றாக இருக்கிறது, நான்தான் அதைக் கெடுத்தேனா என்றாய். சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது, பிறகு அதுவே எனக்குப் படித்தும் காட்டுகிறது. பேச்சாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் என் குரலில் அழுகை வந்தால் நீ அதைத்தான் கேட்பாய், சொல்லுகிற விஷயத்தைக் கேட்க மாட்டாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் நான் மூக்கைச் சிந்தினதைக்கூட இது ஒரு வார்த்தை என்று நினைத்து என்னவோ எழுதிவைத்தது, அழித்துவிட்டேன். வேறு யாராவது இதைப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. திருப்போரூரில் தெருவுக்கு நாலு வீடு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்களும் படிக்கட்டும்.

உன் அப்பா கதைப் புத்தகம் தொடுகிற ஆளே இல்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதினவர். மனை விற்கிறவரையும் வாங்குகிறவரையும் எதிரில் உட்காரவைத்து, கையெழுத்துக்கு முன்னால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டுவார். யாராவது அவசரப்படுத்தினால் பேனாவை மூடிவைத்துவிடுவார். வீட்டில் படிக்கிறவள் நான். கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு கெட்டு, எழுத்து ஓரத்தில் மறைந்து பிறகு நடுவிலும் மறைந்தபோது, யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அப்பா ஒரு நாள் வந்து அதைக் கையிலிருந்து வாங்கினார். “தலைகீழா வெச்சிகினு கீற. குடு, நான் படிக்கிறேன்” என்றார். அதற்கு முன்னால் நான் எத்தனை நாள் தலைகீழாக வைத்திருந்தேனோ தெரியாது.

அன்றிலிருந்து படித்தார். பத்திரம் படிக்கிற மாதிரியேதான் நாவலையும் படித்தார். பக்கத்துக்குப் பக்கம் எண்ணைச் சொல்லுவார். ஒரு ஆள் பெயர் முதல் தடவையாக வந்தால் இரண்டு முறை சொல்லுவார். காதலும் கொலையும் ஒரே குரலில் வரும். கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு படித்தால் என்ன என்று நான் கிண்டல் பண்ணினால், தப்பில்லாமல் படிக்கிறேனா இல்லையா, அதைச் சொல்லு என்பார். பகலில் அவர் வேலைக்குப் போனபிறகு நான் வீட்டில் தனி. அதனால் படிக்கும்போதே தன் போனில் பதிவு போட்டு, அந்தப் போனை எனக்காக வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். அவர் இல்லாத நேரத்தில் அதையே மறுபடி கேட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பேன், துணி மடிப்பேன். கண் போனவளுக்கு இவ்வளவு நல்ல காலமும் இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இவ்வளவு பேசுகிற மனுஷன் உன்னிடம் மட்டும் பேசினதில்லை. நீயும் அப்படித்தான். அப்பாகிட்ட சொல்லிடும்மா என்பாய் நீ. அவன்கிட்ட கேளு என்பார் அவர். நீ ஜெர்மனிக்குக் கிளம்பின அன்றைக்கு ஏர்போர்ட் வாசலில், உன்னைக் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, பாஸ்போர்ட்டை உள்பாக்கெட்டில் வைக்கச் சொல்லு அவனை என்று என்னிடம் சொன்னார். வைத்துவிட்டேன் என்று சொல்லு என்று நீயும் என்னிடமே சொன்னாய். நான் இரண்டு பேரையும் அங்கேயே திட்டினேன், நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். உங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டையாக இருந்திருந்தால் ஒரு நாள் பேசித் தீர்த்திருப்பீர்கள். நடுவில் நான் இருந்தது இரண்டு பேருக்கும் சௌகரியமாகப் போய்விட்டது.

அவர் போனபிறகு மாமல்லபுரம் கடலில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு நீ டிவி ஸ்டாண்ட் பக்கத்தில் உட்கார்ந்தாய். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியை வாங்கிவந்து, அப்பாவின் போனிலிருந்த பதிவுகளையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டிருந்தாய். கருமாதி வரைக்கும் அதே வேலை. வருகிறவர் போகிறவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த உன் அத்தை வாசலில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “அப்பன பறிகுடுத்த புள்ள பண்ற வேலையா இது? பொட்டிய நோண்டிகினு கீறான்” என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, கண்ணு. இதையெல்லாம் ஏன் இப்போது பண்ணுகிறாய், இன்டர்நெட்டில் எங்கேயாவது போட்டுவைத்தால் ஆகாதா என்று மட்டும் கேட்டேன். அப்பா குரலை எவன் கம்பெனியிலும் கொடுத்துவைக்க மாட்டேன், நம்ம வீட்டிலேயே இருக்கட்டும் என்றாய். குரல் கொஞ்சம் உடைந்த மாதிரி இருந்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆப் தேடுகிற படலம். கடையில் வாங்குகிற புத்தகத்துக்கு ஆப் கொட்டிக் கிடக்கிறது, வீட்டுப் பெட்டியில் இருப்பதைக் கேட்கத்தான் தேடிப்பிடிக்க வேண்டும் என்றாய். நீ முதலில் போட்டுக்கொடுத்தது பார்ப்பதற்கு ரொம்ப அழகாக இருக்கிறது என்று உன் அத்தையே சொன்னாள். எனக்கு அழகை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? விரல் வைக்கிற இடத்தில் இருப்பது என்ன என்று என் போன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஆப்பைச் செய்தவர்கள் எதற்கும் பெயர் வைக்காததால் போன் பாவம், பட்டன், பட்டன், பட்டன் என்று சொல்லிக்கொண்டே போனது. எந்தப் பட்டன் படிக்கும், எது நிறுத்தும், எது மொத்தத்தையும் அழிக்கும் என்று தெரியாமல் நான் அதைத் தொடவே பயந்தேன்.

இரண்டாவதில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஆனால் அது பேச்சு இல்லாத இடத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறது. உன் அப்பா ஒரு பக்கம் முடித்தால் நிறுத்துவார், விரலை எச்சில் பண்ணுவார், தாளைத் திருப்புவார், ஒரு மூச்சு விட்டு எண்ணைச் சொல்லுவார். அந்த ஆப்பில் அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி படித்தார். வாழ்க்கையில் ஒரு நாளும் அவசரப்படாத மனுஷனை அது அவசரப்படுத்தியது. மூச்சே இல்லை. நீ தேடி அந்த வசதியை அணைத்தாய். ஒரு வாரம் கழித்து ஆப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடி விழுங்க ஆரம்பித்தது. அன்றைக்கு நான் உன்மேல் எரிந்து விழுந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உன்மேல் கோபமில்லை. அவர் மூச்சு எனக்கு வேண்டியிருந்தது.

மூன்றாவதுதான் இப்போது இருப்பது. இதில் ஒன்றுமே இல்லை என்று நீயே தயங்கித் தயங்கிக் கொடுத்தாய். எனக்கு அதுதான் பிடித்தது. தொட்டால் பெயர் சொல்லுகிறது. மழையில் கரண்ட் போய்ப் பெட்டி அணைந்தாலும் முன்னமே இறக்கிவைத்ததைப் படிக்கிறது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறது, கதை தெரியாமல் முழிக்க வேண்டியதில்லை. எங்கே விட்டேனோ அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அவசரத்தில் உன் போனிலும் அதே கணக்கைப் போட்டுச் சரி பார்த்துவிட்டு நீ ஊருக்குக் கிளம்பிவிட்டாய்.

கொஞ்ச நாளில் அந்த இடம் நகர ஆரம்பித்தது. நான் ஒரு பக்கத்தில் நிறுத்தினால் மறுநாள் அது வேறெங்கோ நிற்கும். என் விரல்தான் பட்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு போனை பீரோவில் வைத்துப் பூட்டிப் பார்த்தேன். அப்போதும் நகர்ந்தது. கண் போனது போதாதென்று புத்தியும் போகிறதோ என்று பயந்துவிட்டேன். கேட்டுவிட்டு மறந்துபோகிறேனோ? யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாய், இல்லை என்னை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்ப்பாய். வாயை மூடிக்கொண்டு கவனித்தேன். நான் மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில்தான் அது நகரும். சனி, ஞாயிறு நகராது. ஒரு திங்கட்கிழமை தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. இங்கே எனக்கு அந்த நேரம் என்றால் அங்கே நீ வேலைக்கு ரயில் ஏறுகிற நேரம்.

நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய். ரயிலில் உட்கார்ந்து அப்பா குரலைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாய். நான் கழுவுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. குழாயை மூடாமல் விட்டதில் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோனது.

அதற்கப்புறம் நீ கேட்ட இடத்தையெல்லாம் நானும் கேட்டேன். ஒரு இடத்தில் மட்டும் நீ முன்னால் போகாமல் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றாய். என்ன இருக்கிறது அங்கே என்று போட்டுப் பார்த்தேன். உப்பளத்துக் குடும்பத்தின் கதை அது. அவர்கள் வீடு எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும், கிழக்கே கடல், மேற்கே ரோடு, வடக்கே உப்பளம், தெற்கே சவுக்குத்தோப்பு என்று. உன் அப்பா அந்தப் பத்தியைப் படித்துக்கொண்டே வந்து, பத்திரம் படிக்கிற பழக்கத்தில், “இதன் மத்தியில் அடங்கிய காலிமனை” என்று தானாகவே சேர்த்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது புத்தகத்திலா இருக்கிறது என்று கேட்டேன். பிறகு சிரித்தார் பார், அந்த மாதிரிச் சிரிப்பை நானே அதிகம் கேட்டதில்லை. நானும் சிரிக்கிறேன். நிறுத்தமுடியாமல் இரண்டு பேரும் சிரிக்கிறோம். அதைத்தான் நீ மறுபடி மறுபடி கேட்டிருக்கிறாய். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

போன மாதம் நீ அந்தக் கதையின் கடைசிப் பதிவுக்கு வந்தாய். அதன் கடைசிக்கும் வந்தாய். அதன்பிறகு அது நகரவே இல்லை. வேலை நாள், விடுமுறை நாள் என்று எல்லா நாளும் அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. போன் பண்ணினால் நன்றாக இருக்கிறேன், வேலை ஜாஸ்தி என்கிறாய். அந்தக் கடைசிப் பதிவை மட்டும் நான் இன்றுவரைக்கும் கேட்டதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை எனக்கு. அது பதிவாகும்போது கட்டிலில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆப் இதுவே போதும், வேறு தேடாதே. கணக்கைத் தனித்தனியாகப் போட்டுவிடு. வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். நீ எங்கே இருக்கிறாய், எங்கே நின்றுவிட்டாய் என்று அது எனக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது, அதை விட மனசு வரவில்லை. ஆனால் உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் இருந்து என்ன ஆயிற்று என்று பார்த்தேன். இப்போது உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆப் உட்கார வேண்டாம். உனக்கு அழுகை வந்தால் எனக்குப் போன் பண்ணி அழு. உன் அம்மாவுக்குக் கண்தான் போயிருக்கிறது.

இரண்டாவது கேள்வி. அன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் லீவு. அப்பா காலையிலிருந்தே படித்துக்கொண்டிருந்தார், கதை முடிகிற இடம். போன் அடித்தது. போன் வந்தால் பதிவு தானாக நின்றுவிடும், அது அவருக்கும் தெரியும். இந்த நேரத்தில் யார் என்று நான் சலித்துக்கொண்டேன். அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம், வாக்கியத்தையாவது முடியுங்கள் என்றேன். புத்தகத்தைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்த சத்தம் கேட்டது. “கதை எங்கியும் ஓடிடாது. இவன் பேசறது எப்பயோ ஒரு தபா” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு வழக்கம்போல என் கையில் கொடுத்தார். அதனால் நீ எதையும் கெடுக்கவில்லை. அவரேதான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் உன்னை அரிப்பது அது இல்லை, கண்ணு. எனக்குத் தெரியும். குளிர் எப்படி இருக்கிறது, குக்கரில் சாதம் குழைகிறது என்றெல்லாம் பேசினாய். அப்பா இங்கேதான் இருக்கிறார், பேசுகிறாயா என்று கேட்டேன். ரயில் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லு என்றாய். மறுநாள் காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், அங்கேயே போய்விட்டார். நீ வந்து இறங்கினபோது ஐஸ் பெட்டியில்தான் பார்த்தாய். அந்த ‘அப்புறம்’தான் உன்னைக் கடைசி வாக்கியத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறது. நான் சிக்னல் இல்லை என்று சொன்னதும் அதனால்தான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அவர் வருத்தப்படவில்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. குரல்தான் தெரியும், அதைச் சொல்லுகிறேன். நீ வைத்ததும் நான் போனைக் கட்டிலில் வைத்தேன். மீதியைப் படிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. அவன் என்ன சொன்னான், முதலிலிருந்து சொல்லு என்றார். ஸ்பீக்கரில்தானே இருந்தது, எல்லாம் உங்கள் காதிலும்தானே விழுந்தது என்றேன். பரவாயில்லை, சொல்லு என்றார். குளிரைச் சொன்னேன், குக்கரைச் சொன்னேன். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லு என்றார். ரயில் வந்ததைச் சொன்னேன். அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

“அப்புறம் பேசறேன்னான் இல்ல?”

“ஆமா.”

“பேசுவான்.”

அவ்வளவுதான் சொன்னார். பத்திரத்தில் கையெழுத்து வாங்கின பிறகு பேசுகிற குரல், இனி சந்தேகத்துக்கு ஒன்றுமில்லை என்கிற குரல். அந்த உப்பளத்துக் கதையை அதன்பிறகு அவர் தொடவில்லை. அவர் போனபிறகு புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். முடிவு என்ன என்று நூலகத்து அம்மா சொல்ல வந்தாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நீ பேசின அன்றைக்குச் சாயந்திரம் முழுக்க அவர் போனைச் சார்ஜில் போட்டுக் கைக்கெட்டுகிற இடத்திலேயே வைத்திருந்தார். படுக்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். உன்மேல் கோபித்துக்கொண்டு படுத்த ஆள் இல்லை அவர். பிள்ளை பேசப்போகிறான் என்று படுத்தவர்.

இது உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்லுகிறேன். தெரியாமல் வலிப்பதைவிட இது தேவலை. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணு. பேசிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தால், போகட்டும் விடு.

அம்மா